பென்ஷனுக்கு எனக்கு வயது போதவில்லை

1

ஜூன் ஐந்தாம் தேதி நான் பிறக்கவில்லை. இருந்தாலும் இருபத்தைந்து வருஷமாக அந்தத் தேதியில் வேலையிடத்தில் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். இந்த வருஷம் கேக்கின் மேல் அறுபது என்று எழுதியிருந்தது. டோனிக்கு அறுபது வயது என்று நம்பவே முடியவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தோணிசாமி என்ற பெயரை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே டோனி ஆக்கியவர்கள் அவர்கள். நம்ப முடியாததிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அறுபத்தொன்று முடிந்துவிட்டது. வருகிற நவம்பரில் அறுபத்திரண்டு. வாயில் கேக் இருந்ததால் பதில் சொல்லாமல் தலையாட்டி வைத்தேன்.

சென்னையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் கிளையில் பிட்டராக இருந்தவனை, இங்கிலாந்தின் வடக்கில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு இரண்டு வருஷத்துக்கென்று அனுப்பினார்கள். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. எனக்கு ஊர் மரக்காணம். அப்பா உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரினவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

கேக் வெட்டிய வாரமே வீட்டுக்கு ஒரு தடித்த உறை வந்தது. பென்ஷன் அலுவலகத்திலிருந்து. ஜெயசீலி, என் மனைவி, அதைப் பிரிக்காமல் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். நல்ல சேதி என்றால் மெல்லிய உறையில் வரும் என்பது அவள் நம்பிக்கை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பென்ஷன் என்னவென்று சொல்ல வேண்டும். நான் எவ்வளவு போட்டேன், அது பங்குச் சந்தையில் எவ்வளவு ஆனது என்ற பேச்சே இதில் கிடையாது. எத்தனை வருஷம் வேலை செய்தேன், சம்பளம் என்ன என்பதை வைத்து, சாகும்வரை மாதாமாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பென்ஷன். சந்தை எழுந்தாலும் விழுந்தாலும் அது கம்பெனியின் தலைவலி. நான் செத்தால் பாதி, என் மனைவி சாகும்வரை அவளுக்கு. நம் ஊர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வாங்கிக்கொண்டிருந்த அதே மாதிரி. நான் சேர்ந்த அடுத்த வருஷமே புதிதாக வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து எங்களுக்கும் இதுவரை சேர்ந்தது போதும் என்று நிறுத்தினார்கள். அதன்பின் வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். நிதியில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது என்று ஏழெட்டு வருஷம் பயமுறுத்தினார்கள். இப்போது பள்ளம் நிரம்பி மேடாகிவிட்டதாம். மேட்டில் இருப்பதை யார் அள்ளிக்கொள்வது என்று பேச்சு நடக்கிறது. பள்ளம் இருந்தபோதும் எனக்குத் தூக்கம் இல்லை, மேடானபோதும் இல்லை.

இந்தக் கடிதம் மூன்று விஷயம் சொன்னது. திட்டத்தை மொத்தமாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். எந்தக் கம்பெனி என்று பின்னால் சொல்வார்கள். இந்த வருஷக் கடைசிக்குள் அறுபத்திரண்டு வயது முடிகிறவர்கள், ஒப்படைப்புக்கு முன்பே பழைய ஷரத்துப்படி பென்ஷனைத் தொடங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு போக வேண்டும், அல்லது தங்கள் பங்கை ஒரே தொகையாக எடுத்துக்கொண்டு விலகலாம். விலகுவதற்குக் கெடு மூன்று மாதம்.

எனக்கு நவம்பரில் அறுபத்திரண்டு. கடிதத்தின் மேல் மூலையில் அச்சடித்திருந்த பிறந்த தேதிப்படி அறுபது. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன், தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். "ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்றாள் ஜெயசீலி.

2

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் நான் பிறந்ததாக அம்மா சொல்வாள். செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து படுத்தவளுக்கு விடிந்ததும் வலி. நாள் எல்லோருக்கும் தெரியும், வருஷம் மட்டும் யாருக்கும் நிச்சயமில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எனக்கு ஆறரை வயது. தலைமை ஆசிரியர் அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. அப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்த காலை ஒன்றின் பின்னால் ஒன்றாக மறைத்துக்கொண்டு நின்றார்.

"பையனுக்கு என்னா வயசு?"

"நீங்களே நல்லதா ஒண்ணு போடுங்கய்யா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சுன்னு போடறேன். பின்னாடி கவர்மெண்டு வேலைக்குப் போனான்னா ஒண்ணு ரெண்டு வருஷம் சேத்து சர்வீஸ் கெடைக்கும். பென்ஷனும் கூட வரும். புரியுதா?"

அப்பாவுக்குப் புரிந்த ஒரே சொல் பென்ஷன். மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. வேலை இல்லாத மாதத்திலும் காசு வருகிற மனிதர்களை அவர் பார்த்திருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாதத்தின் முதல் நாள் திண்டிவனம் பஸ்ஸில் ஏறுவார்கள். கும்பிட்டுவிட்டு என்னைக் கூட்டி வந்தார். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார். என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அந்த ஆசிரியர் எங்களுக்கு நல்லதுதான் செய்தார், அதில் சந்தேகமில்லை. நான் கவர்மெண்டு வேலைக்குப் போகாதது அவர் தப்பா?

அப்பா அறுபத்துநாலு வயதில் இறந்தார், அதுவும் ஏறக்குறையத்தான். பெரியப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் வீட்டு ஆண்களுக்கு நீண்ட ஆயுசு எழுதவில்லை. இப்படிப்பட்டவனுக்கு இரண்டு வருஷம் என்பது எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாது.

3

மகன் பெலிக்ஸ் லண்டனில் இருக்கிறான். மூன்று வயதில் இங்கே கூட்டி வந்தோம், இப்போது இருபத்தெட்டு. மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வருவான், அம்மா செய்த கறிக்குழம்பைச் சாப்பிடுவான், போனைப் பார்த்துக்கொண்டே எங்களோடு பேசுவான். போனிலேயே பங்கு வாங்கி போனிலேயே விற்கிறவன். தமிழ் புரியும். பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவான். எங்களுக்கும் அது பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாதோ என்று சில நாள் தோன்றும்.

கடிதத்தை முழுக்கப் படித்தான். எங்கள் வீட்டில் முழுக்கப் படித்தவன் அவன் ஒருத்தன்தான்.

"எடுத்துடுங்க அப்பா" என்றான். "பென்ஷன்னா நீங்க போனா அம்மாவுக்குப் பாதி. அம்மாவும் போனா ஜீரோ. நத்திங். இந்த லம்ப் சம் எடுத்தா எல்லாம் உங்க பேர்ல. நான் பாத்துக்கறேன்."

"அம்மாவுக்கு?"

"அம்மாவையும் நான் பாத்துக்கறேன்."

அதில் பேராசை எதுவும் இல்லை. அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை. அவன் சொன்னதில் எனக்கு ஆசை வந்ததுதான் உண்மை. அந்தத் தொகையைப் பார்த்ததிலிருந்து என் மனசு ஒரு இடத்தில் இல்லை. அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயர் வந்ததே கிடையாது. அப்பா வேலை செய்த பக்கத்திலேயே நாலு ஏக்கர் உப்பளம் விலைக்கு வருகிறது என்று ஊரிலிருந்து ஒரு சேதி வேறு வந்திருந்தது. அப்பா கூலிக்கு வாரிய வரப்பில் செருப்புப் போட்டுக்கொண்டு நான் முதலாளியாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒரு மூலையில் பயம். எடுக்கவும் வேண்டாம், இன்சூரன்ஸ் கம்பெனியோடு போகவும் வேண்டாம், பேசாமல் பென்ஷனை இப்போதே தொடங்கிவிட்டால்? அதற்கு ஒரே தேவை, என் நிஜமான வயது. அது எழுதியிருக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. ஜூலையில் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று ஜெயசீலியிடம் சொன்னேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

4

தங்கச்சி சகாயம் பெருமுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் டீச்சர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து, முப்பத்துநாலு வயதில் வேலை கிடைத்தவள். அவளுக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன். இவள் சேர்வதற்குள் சட்டம் மாறிவிட்டது. இன்னும் நாலு வருஷத்தில் ரிடையர் ஆகிறாள்.

ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குப் போனாள். உபதேசியார் எங்களுக்காக அலுவலக அறையைத் திறந்து வைத்திருந்தார். அந்த வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. கரையான் அரித்த ஓரங்களைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காப்பாற்றியிருந்தார்கள்.

"அப்பா பேரு?"

"சவரிமுத்து."

"தொழிலு?"

"உப்பளம்."

விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து நிறுத்தினார். "இந்தா இருக்குது பாருங்க. பொறந்தது நவம்பர் மூணு. ஞானஸ்நானம் அதே மாசம் பதினேழு." வருஷத்தைப் படித்தார். நான் மனசுக்குள் போட்டுவைத்திருந்த வருஷம்தான். அப்பா பெயருக்குப் பக்கத்தில் கூலி என்று எழுதியிருந்தது. அவருடைய கைநாட்டு நீலம் வெளுத்து மங்கலாக இருந்தது.

என்னிடம் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்திருக்கிறது, டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது, குடியுரிமைப் பத்திரம் இருக்கிறது. அத்தனையிலும் தலைமை ஆசிரியர் போட்ட தேதிதான். நான் பிறந்ததைப் பார்த்த காகிதம் இது ஒன்றுதான். உபதேசியார் சான்றிதழ் எழுதி, பங்குச்சாமியாரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

"வெளிநாட்டுல எதுக்கு கேக்கறாங்க? புள்ளைக்குக் கல்யாணமா?"

"பென்ஷனுக்குங்க."

"ஓ" என்றார். பதிவேட்டை மூடி எடுத்த இடத்தில் வைத்தார்.

5

திரும்பும்போது ஈசிஆர் சாலை ஓரமாக ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எதிரே உப்பளம். வெயிலில் கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெள்ளை. பாத்திகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். ஒரு லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். சகாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழ் பலிக்காவிட்டால் மொத்தமாக எடுத்துக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"எடுத்து?"

"அதோ, அந்தப் பக்கம் நாலு ஏக்கரு வருதாம்."

அவள் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத. நாங்க வருஷா வருஷம் விழுப்புரத்துல போய் வெயில்ல எதுக்கு உக்கார்றோம்?"

"பழைய பென்ஷன் வேணும்னு."

"அந்தப் பழைய பென்ஷன்தான் உன் கைல இருக்குது. அத வித்துட்டு உப்பு வாங்கப் போறியா நீ?"

"அங்க நெலம வேற, சகாயம். கம்பெனி கை கழுவுது. எவன்கிட்டயோ தள்ளி விடறான். அவன் நாளைக்கு என்னா பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கறாங்க. கடைசில எவ்வளோ வரும்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. கமிட்டி போடறாங்க, இந்தத் தடவ எதனா வரும்ன்றாங்க, வந்தாதான் உண்டு. எங்க ஸ்டாஃப் ரூம்ல நானும் இன்னொரு டீச்சரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவங்க எனக்கு ஆறு மாசம் முன்னாடி சேந்தவங்க. அவங்க ரிடையர் ஆனா என்னா பண்றதுன்னு யோசிக்கறது இல்ல. எந்தக் கோயிலுக்குப் போலாம்னு யோசிக்கறாங்க. நான் டியூஷன் எடுக்கலாமான்னு யோசிக்கறேன். அந்த ஆறு மாசம்தான்ணா வித்தியாசம்." மூச்சு வாங்கினாள். "நீ அந்தப் பக்கத்து நாற்காலில உக்காந்துக்கினு எழுந்திரிக்கலாமான்னு கேக்கற."

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபம். "அப்பா கூலியாவே செத்தாரு. அவரு எடத்துல நான் ஒரு நாளாவது மொதலாளியா நிக்கக் கூடாதா?"

"அப்பா எப்போ மொதலாளி ஆவணும்னு சொன்னாரு? மழக்காலத்துல வீட்ல அடுப்பெரியணும்னாரு. அவ்வளோதான் அவரு கேட்டது."

கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் சென்னை பஸ் ஏற்றிவிட வந்தவள், ஜன்னல் வழியாக வறுத்த மீன் பொட்டலத்தைக் கொடுத்து, "அண்ணிய ஒரு வார்த்த கேளு" என்றாள். உப்பளம் பற்றி அண்ணியிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

6

திரும்பி வந்ததும் சான்றிதழை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் ஒரு பெண் போன் செய்தாள். குரல் அன்பாக இருந்தது. இந்த நாட்டில் அன்பான குரலில்தான் எல்லாக் கதவும் சாத்தப்படுகிறது என்று ஒரு காலத்தில் எனக்கு எரிச்சல் உண்டு. அந்தப் பெண் அப்படியில்லை, நிஜமாகவே என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

இரண்டு தேதியும் உண்மையாக இருக்க முடியாதே என்றாள். இந்தச் சான்றிதழை நான் கோப்பில் சேர்த்தால், பாஸ்போர்ட்டிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் வேறு தேதி எப்படி வந்தது என்று எழுதிக் கேட்க வேண்டியிருக்கும் என்றாள். விண்ணப்பத்தில் நான் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பதையும் மெதுவாக நினைவூட்டினாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, கோப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் தலைமை ஆசிரியர்கள் வயதைக் குறைத்துப் போடுவது ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம் என்று அவளிடம் எந்த இங்கிலீஷில் சொல்வது? நாடு கடத்திவிடுவார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது. வாயில் வந்ததைச் சொன்னேன். அது என்னுடையது இல்லை, என் அண்ணனுடையது என்றேன். ஒரே பெயரை இரண்டு பிள்ளைகளுக்கு வைப்பது எங்கள் ஊரில் உண்டு, தவறாக எடுத்து அனுப்பிவிட்டேன் என்றேன். அண்ணன் சின்ன வயதிலேயே எக்ஸ்பயர் ஆகிவிட்டான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சான்றிதழ் எக்ஸ்பயர் ஆகிவிட்டதா என்றாள் அவள். அந்தச் சொல்லை இங்கே பாலுக்கும் பாங்க் அட்டைக்கும்தான் சொல்வார்கள். இருபத்தைந்து வருஷமாகியும் பதற்றத்தில் அதுதான் என் வாயில் வருகிறது. இல்லை, அண்ணன் செத்துவிட்டான் என்றேன். ஐயோ, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றாள். நானும் நன்றி சொன்னேன். நவம்பர் மூன்றாம் தேதி பிறந்த அந்தோணிசாமி செத்ததற்கு, அவனே போனில் அனுதாபம் வாங்கிக்கொண்டான்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் தோட்டத்தில் இங்கும் அங்கும் நடந்தேன். பெற்றவர்கள் கோயிலில் எழுதிவைத்த ஒரே உண்மையை ஒரு நிமிஷத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேனே என்று அவமானமாக இருந்தது. ஜெயசீலி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"வாங்கின குடியுரிமைய கொண்டுபோய் வுட்டுடாதீங்க. வயசு கெடக்குது" என்றாள்.

7

மீதி இருந்தது இரண்டே வழி. கெடுவுக்கும் இரண்டு வாரமே இருந்தது. நான் எடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பெரிய தொகையை எடுப்பதற்கு முன் ஒரு நிதி ஆலோசகரிடம் பேசியே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். சனிக்கிழமை காலை வீடியோவில் அவர் வந்தார். பெலிக்ஸ் அதற்காகவே லண்டனிலிருந்து வந்து மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். நான் ஒரு பக்கம், ஜெயசீலி ஒரு பக்கம்.

ஆலோசகர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். நெஞ்சு எப்படி இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறதா, சந்தை விழுந்தால் என்ன செய்வேன். எல்லாவற்றுக்கும் நானும் பெலிக்ஸும் பதில் சொன்னோம். கடைசியில் அவர் ஜெயசீலியைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷம் அரை நேர வேலை பார்த்தவள் அவள். அரசாங்கம் கொஞ்சம் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு தனியாக ஓட்ட முடியாது. இங்கிலீஷ் என்னைவிட நன்றாகவே பேசுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"இவரு இல்லாம போயிட்டா, அந்தக் காசு மாசாமாசம் என் பேர்ல வருமா? இல்ல, நான் போய் என் பையன்கிட்ட கேட்டு வாங்கணுமா? அத மட்டும் அவர கேளுங்க."

நான் மொழிபெயர்க்க வேண்டும். நான் மகனைப் பார்த்தேன். பெலிக்ஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனே அதை இங்கிலீஷில் சொன்னான். ஒரு சொல் விடவில்லை, மழுப்பவும் இல்லை. தன்னிடம் என்பதைத் தன்னிடம் என்றே சொன்னான்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். பென்ஷனாக விட்டால் அவர்கள் பெயரில், அவர்கள் கணக்குக்கே வரும். பாதிதான், ஆனால் உயிரோடு இருக்கும்வரை வரும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றார். எடுத்துவிட்டால் அப்படி உறுதி சொல்ல முடியாது என்றார்.

"பாதியா இருந்தா இருக்கட்டும்" என்றாள் ஜெயசீலி.

நான் கையெழுத்துப் போடவில்லை. கெடு போன வாரம் முடிந்தது. நாலு ஏக்கரைக் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் வாங்கிவிட்டாராம். எங்கள் பென்ஷனை வாங்கப்போகிற இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் எங்களுக்குத் தெரியாது. அது இன்னும் முப்பது வருஷம் நிற்குமா, நின்றாலும் சொன்னதைக் கொடுக்குமா, அதையும் யாராவது இன்னொருவனுக்கு விற்பானா என்று தினமும் யோசிக்கிறேன். காலையில் முதல் வேலையாக அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். ஒன்றும் மாறியிருக்காது, மத்தியானம் மறுபடியும் திறக்கிறேன். சகாயத்துக்குப் போன் செய்து, எடுக்கவில்லை என்று சொன்னேன். "அண்ணிய கேட்டியா?" என்றாள். அவளாகவே சொன்னாள் என்றேன்.

அந்தச் சனிக்கிழமையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பு முடிந்ததும் பெலிக்ஸ் எழுந்து டீ போடப் போனான். அவன் காதில் விழாமல் நான் ஜெயசீலியைக் கேட்டேன், பையனை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்கலாமா, கேட்டால் கொடுக்காதவனா அவன் என்று. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"குடுப்பான். மொகம் சுளிக்காம குடுப்பான். நல்ல புள்ளதான் அவன்" என்றாள். "நீங்களும் உங்கம்மாவுக்கு நல்ல புள்ளதான். உங்கப்பா போன பின்னாடி பதினோரு வருஷம் அவங்க உங்ககிட்ட போன்ல பேசனாங்களே, நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

மாதக் கடைசியில் அம்மா பேசுவாள். மழை உண்டா, குளிர் எப்படி, பிள்ளை சாப்பிட்டானா என்று எல்லாம் கேட்டு முடித்து, வைக்கப் போகிற சமயத்தில், "சாமி, உனக்குக் கஷ்டம்னா வேணாம்பா, மருந்துக்குத்தான்" என்பாள். நான் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பதினோரு வருஷத்தில் நான் பணம் அனுப்பாத மாதம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா கேட்காமல் அனுப்பிய மாதமும் ஒன்றுகூடக் கிடையாது.